ஜீப் போன பிறகு

அப்பா உயிரோடு இருந்தபோதே அவருடைய ஒரு சொல் எனக்குப் பேயாகிவிட்டது. எழுபதுகளில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தேன். ஒருநாள் அரசாங்க அதிகாரி ஒருவர் அங்கே வந்து, "நேரம் காலம் இல்லாம வேலை வாங்கறாங்களாமே, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தறாங்களா?" என்று பெண்களைக் கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தலையைக்கூடத் தூக்காமல், "யாரும் கட்டாயப்படுத்தலீங்க சார். எங்களுக்குப் பழக்கமுங்க," என்றாள். முதலாளியின் முகம் மலர்ந்தது. நான் கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசியது அவள்தான், ஆனால் எனக்குக் கேட்டது அப்பாவின் குரல்.

அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு டீக்கடையில். அதற்கு விதை போட்டதோ, கடல் தாண்டி எங்கேயோ இருந்த அமெரிக்க ஜனாதிபதி. சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துப் பார்த்திருக்கிறேன், வரவில்லை.

எங்கள் ஊர் திருப்பூரிலிருந்து மங்கலம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் ஊர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஊர் வேறு, நாங்கள் இருந்த வளவு வேறு. நடுவில் கிளுவை வேலி போட்ட ஒரு தடம். வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடுகள், இந்தப் பக்கம் பண்ணையாட்களின் ஓலைக் குடிசைகள். குடிசைகள் எங்களுடையவை, மண் தோட்டத்துக்காரர்களுடையது. எங்கள் குடிசை நின்ற மண் அப்பா வேலை செய்த தோட்டத்துக்காரருக்குச் சொந்தம். கூரை ஓலையும் அவர் பனைமரத்து ஓலைதான்.

கொங்குப் பேச்சு மாதிரி மரியாதையான பேச்சு கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். நன்றாக மெச்சட்டும். வந்த விருந்தாளியையும் தெருவில் போகிற வளையல்காரனையும் 'வாங்க, போங்க' என்று தாங்கிய அதே வாய்கள், என் அப்பாவை 'வாடா' என்றன. மூக்கு ஒழுகும் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. அப்பா அந்தப் பிள்ளைகளையும் 'சாமி' என்றுதான் சொல்வார். அந்த மரியாதையை நாங்கள் கொடுத்தோமே தவிர வாங்கியதில்லை.

அண்ணன் மட்டும் அதிலிருந்து பாதி தப்பித்திருந்தான். திருப்பூரில் ஒரு கம்பெனியில் பனியன் துணி பின்னுகிற மெஷினில் அவனுக்கு வேலை. திங்கள் முதல் சனி வரை அங்கேயே கூட்டாளிகளோடு தங்கிக்கொள்வான். ஓட்டலில் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் குடிக்கும் கண்ணாடி கிளாசில் டீ குடிப்பான். நீ யார், எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஊருக்கு வருவான். ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் இறங்கி, ஓட்டு வீடுகள் இருக்கும் தெரு முடியும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். மற்ற நாளெல்லாம் மனிதனாக இருந்துவிட்டு, லீவு நாளில் மட்டும் இறங்கி நடக்க வேண்டியிருந்தது அவனுக்கு.

ஊர் முகப்பில் இருந்த டீக்கடைக்குள் ஒரு பெஞ்சு. வெளிச் சுவரில் இரண்டு ஆணிகள், அவற்றில் இரண்டு அலுமினியத் தம்ளர்கள். அவை வளவுக்காரர்களுக்கு. குடிக்கிறவரே எடுத்து, கழுவி, தள்ளி நீட்ட வேண்டும். கடைக்காரர் மேலேயிருந்து ஊற்றுவார். குடித்த பிறகு மறுபடி கழுவி ஆணியில் மாட்டிவிட வேண்டும். இப்படிச் செய் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகிய மாதிரி அதையும் பழகிக்கொண்டோம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். அப்போது எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். தூக்குப்போசியில் டீ வாங்க அண்ணனோடு நானும் போனேன். உள்ளே பெஞ்சில் பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்து, மற்றவர்களுக்காகப் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பழைய ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்ற பிறகு நாற்காலிக்கு வந்தவர் ஒரு புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இனிமேல் கறுப்பர்களை ஓட்டலுக்குள் விடமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கும் தட்டிலேயே அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று படித்தார்.

"அடேங்கப்பா, மனுசன்னா அவருதானுங்க மனுசன்," என்றார் உள்ளே இருந்த ஒருவர்.

"அதுமட்டுமில்லீங்க. வறுமை மேலயே போர் தொடுத்திருக்கறாருங்களாம்," என்றார் வாத்தியார்.

"வறுமை மேல போரா? அது எந்த ஊருல கெடக்குதுன்னு அவருக்கு வெலாசம் தெரியுமுங்களா?" என்று இன்னொருவர் கேட்க, கடையே சிரித்தது.

"இருந்தாலும் அந்தக் கறுப்பர்களை இத்தனை நாளா வெளிய நிறுத்தி வெச்சிருந்தாங்களே, அது பாவமில்லீங்களா?" என்று முதலில் பேசியவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நானும் அண்ணனும் அவர் கண்ணெதிரில் வாசலில் நின்றோம். அண்ணன் கையில் டீ ஊற்றிய அலுமினியத் தம்ளர் இருந்தது.

அண்ணன் வெளியிலிருந்தே கேட்டான். "ஏனுங்க வாத்தியாரே, அந்தச் சட்டம் நம்ம நாட்டுக்கு எப்ப வருமுங்க?"

வாத்தியார் பேப்பரை இறக்கினார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. "நம்ம நாட்டுல அது வந்து வருசக்கணக்கா ஆச்சு தம்பி. அவிங்களுக்கு முன்னாடியே நாம போட்டுட்டோம்," என்றார். சொல்லி முடித்ததும்தான் யாருக்குச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மறுபடி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமுங்களா?" என்று உள்ளே ஒருவர் பேச்சை மாற்றப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் டீயைக் குடிக்காமல் தரையில் ஊற்றினான், தம்ளரைக் கழுவினான், ஆணியில் மாட்டினான்.

அடுத்த வாரமே திருப்பூரில் தொழிற்சங்கக்காரர் ஒருவரைப் பிடித்து, கோயமுத்தூருக்கு மனு அனுப்பிவிட்டான். இன்ன ஊர் டீக்கடையில் தனித் தம்ளர் வைத்திருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று. சில வாரங்களில், மனு போட்டவன் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எங்களுக்கு இல்லை. ஊர் மணியக்காரருக்கு. சட்டம் கிளம்பும் முன்பே அது வரப்போகிற சேதி கிளம்பிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரியைத் தாண்டித்தானே வர வேண்டும்.

மறுநாள் காலையில் தோட்டத்தில் நான் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். அப்பா கிணற்று மேட்டில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர் வந்து அவர் பக்கத்தில் நின்றார். அதட்டுகிற ஆள் இல்லை அவர். கை நீட்டி யாரையும் அடித்ததில்லை என்று ஊரில் அவருக்குப் பேர்.

"கூரை ஒழுகுதாமாடா?" என்றார்.

"ஆமாங்க சாமி."

"மழைக்கு முந்தி மேஞ்சுக்க. ஓலை வெட்டச் சொல்லியிருக்கறன்." வாய்க்காலில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளினார். பிறகு, "ஞாயித்துக்கெழமை ஆபீசர் வர்றாராம். உன்ர பையன் டவுனுக்குப் போறவன், அவன் என்னமோ பேசட்டும். நீ உள்ளதைச் சொல்லு. அந்தத் தம்ளருல குடின்னு உன்னைய யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களா?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லீங்க சாமி," என்றார்.

"அதைத்தான் அங்கயும் சொல்லோணும்," என்று தோட்டத்துக்காரர் போய்விட்டார்.

அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம் இப்போதுதான் எனக்கு முழுசாக விளங்குகிறது. வீட்டைக் காலி செய் என்று அவர் சொல்லவில்லை, ஓலை தருகிறேன் என்றார். பொய் சொல் என்றும் சொல்லவில்லை. அந்த ஆணி அப்பா பிறக்கும் முன்பிருந்தே சுவரில் இருக்கிறது. அதற்கப்புறம் யார் வந்து கட்டாயப்படுத்த வேண்டும்?

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலமே அண்ணன் வந்துவிட்டான். வந்ததும் வீட்டில் சண்டை. "கூரை போச்சுன்னா வயசுக்கு வந்த புள்ளையை வெச்சுக்கிட்டு எங்கடா போவேன்?" என்று அம்மா என்னைக் காட்டி அழுதாள். "டவுனுக்குப் போலாம்மா. நான் இருக்கறனில்ல," என்றான் அண்ணன். "உன்ர சம்பளத்துல நீ படுக்கறதுக்கே கூட்டாளி ஊடு," என்றாள் அம்மா. அண்ணன் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, நீ ஒரே வார்த்தை சொன்னாப் போதும். ஆமா, உள்ள விடமாட்டாங்கன்னு சொல்லு. மத்ததை ஆபீசர் பாத்துக்குவாரு," என்று கெஞ்சினான். அப்பா அவன் தலையில் கை வைத்தார். சரி என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. வளவில் அத்தனை குடிசைக் கதவும் சாத்தியிருந்தது. அப்பாவும் அண்ணனும் நானும்தான் கடைக்குப் போனோம். ஊர் முழுக்க அங்கே கூடியிருந்தது. தோட்டத்துக்காரரும் ஓரமாக நின்றார்.

அன்று டீக்கடைக்காரர் செய்ததை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். புத்தியுள்ளவன் அந்த இரண்டு தம்ளர்களையும் ஒளித்து வைத்திருப்பான். இவரோ அவற்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று அதே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். தம்ளர் அழுக்காக இருப்பதுதான் புகார் என்று நினைத்துக்கொண்டார் பாவம். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய், "பாருங்க சார், என்ன சுத்தமா வெச்சிருக்கறனுங்க. உள்ள இருக்கற கிளாசைவிட இது சுத்தமுங்க," என்று காட்டினார். கூட்டத்தில் யாரோ நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

அதிகாரி களைத்த முகத்தோடு இருந்தார். மோசமானவர் இல்லை. "இது யாருக்கு?" என்று கேட்டார்.

கடைக்காரருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தோட்டத்துக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமுங்க. இவிய இதுலதான் குடிப்போம்னு கேட்டு வாங்கறாங்க," என்றார்.

"பொய்யுங்க சார்!" என்றான் அண்ணன்.

"தம்பி, நீங்க வாரம் பூரா திருப்பூர்ல இருக்கீங்க. தினமும் இங்க இருக்கறவரைக் கேக்கறேன்," என்று அதிகாரி அப்பா பக்கம் திரும்பினார். "சொல்லுங்க பெரியவரே. உங்களை உள்ள வரக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? இந்தத் தம்ளர்லதான் குடிக்கணும்னு சொன்னாங்களா? பயப்படாமச் சொல்லுங்க."

அந்தத் தெருவில் அப்பாவிடம் ஒருவர் 'சொல்லுங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தோட்டத்துக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை; ஊர் எல்லையில் தெரிந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லலீங்க சாமி," என்றார் அப்பா. "எனக்கு இது பழக்கமுங்க."

சொன்னதோடு விடவில்லை. ஆணியிலிருந்து தம்ளரை எடுத்தார், கழுவினார், நீட்டினார். கடைக்காரர் மேலேயிருந்து ஊற்றினார். அத்தனை பேர் முன்னாலும் அப்பா அந்த டீயைக் குடித்து முடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன்.

அதிகாரி அண்ணனிடம், "சம்பந்தப்பட்டவரே இல்லைன்னு சொன்னா நான் என்னப்பா பண்ண முடியும்?" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. எல்லோருக்கும் எங்கள்மேல் வருத்தம் இருக்கத்தான் செய்தது. வருத்தத்துக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அதிகாரி ஏறிக்கொண்டார், ஜீப் கிளம்பியது.

பின்னாளில் மங்கலம் பஸ்ஸில் போகும்போது எங்கள் ஊருக்குத் திரும்பும் அந்தப் பிரிவு வந்தாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன். எங்கேயாவது ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டால் என் கால்கள் தாமாக ஓடப் பார்க்கும். ஏனென்றால் எல்லாம் அந்த ஜீப் கிளம்பிய பிறகுதான் நடந்தது.

அண்ணன் அப்பாவைத் திட்டவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகச் சுவரிடம் போனான். மீதி இருந்த தம்ளரை எடுத்துக் கழுவினான். அப்பா பக்கத்தில் வந்து நின்று, கடைக்காரரிடம் நீட்டினான்.

"எனக்கும் ஊத்துங்க. நானும் பழகிக்கறேன்," என்றான்.

வஞ்சமாகச் சொன்னானா, அப்பாவைத் தனியாக நிற்க விட மனமில்லாமல் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. அவன் கண்ணில் நீர் நின்றது. கடைக்காரர் கெட்டிலைச் சாய்த்தார். டீ தம்ளரில் விழுந்தது. அண்ணன் அதை வாயருகே கொண்டு போனான்.

அப்பா அவன் கையில் ஓங்கி அறைந்தார். தம்ளர் பறந்து போய்க் கல்லில் விழுந்தது, சூடான டீ இருவர் மேலும் சிதறியது. "அதைத் தொடாதடா!" என்று கத்தினார். "அது நாய் குடிக்கற தம்ளருடா! என்னைய அதுலதான் குடிக்க வெச்சாங்க, எங்க அப்பனையும் அதுலதான் குடிக்க வெச்சாங்க. நீ தொடாத சாமி, நீ தொடாத!"

அதுதான் அதிகாரி கேட்ட பதில். ஊரே அதைக் கேட்டது. கேட்க வேண்டியவர் மட்டும் போய்விட்டார்.

அது அப்பாவுக்கும் அதே நொடியில் புரிந்தது. சாலையைப் பார்த்தார். ஜீப் இன்னும் திருப்பத்தைத் தாண்டவில்லை, புழுதி தெரிந்தது. "சாமி! சித்த நில்லுங்க சாமி!" என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தத் தெருவில் தலையைக் குனிந்து ஓரமாக நடந்தே பழகிய மனிதர், இடுப்புத் துண்டு அவிழ்ந்து விழ, நடுத்தெருவில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வேப்பமரம் வரைக்கும் ஓடினோம். ஜீப் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது எல்லோரும் வழிவிட்டார்கள். தோட்டத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் நசுங்கிய தம்ளரைக் குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா யாரையும் பார்க்காமல் வேலித் தடத்தில் இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

வீட்டுக்கு வந்ததும் ஏணியைச் சாத்தி மேலே ஏறினார். கூரை ஓலையைப் பிடுங்கிக் கீழே போட ஆரம்பித்தார். நடந்ததை நான் சொல்லக் கேட்டு அம்மா வெளியே ஓடிவந்து, "என்னங்க பண்றீங்க? மானம் கறுத்துட்டு மழை வருது! அவிய இன்னும் ஒண்ணும் சொல்லக்கூட இல்லீங்களே!" என்று அலறினாள்.

"சொல்ல மாட்டாங்க," என்றார் அப்பா மேலேயிருந்து. "ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. ஓலை அவிங்களுது, கெடக்கட்டும். மூங்கில் என்ர கையால வெட்டுனது. அதை மட்டும் எடுத்துக்குங்க, டவுனுக்குப் போலாம்."

அண்ணன் அழுதுகொண்டே கீழே நின்று, அப்பா உருவிக் கொடுத்த மூங்கில்களை வாங்கினான்.